வரத்தில் ஓட்டை எங்கே?

எங்கள் தெருமுனையில் ஒரு கேரம் மன்றம் இருக்கிறது. மேலே தகர ஷீட், நடுவில் தொங்கும் ஒரு பல்பு, நாலு ஸ்டூல், ஒரு போர்டு. அவ்வளவுதான். தண்டையார்பேட்டைப் பக்கம் இப்படி ஒன்றைப் பார்க்க ரொம்ப தூரம் நடக்க வேண்டியதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் முறைக்காகக் காத்திருந்தபோது, பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவன் கேட்டான்:

"ஏண்ணா, இந்த ஓபி ஹீரோ அனிமே எல்லாம் ஒரே கதைதானே? சைதாமா வந்தாலும் ஒரே அடி, ஐன்ஸ் வந்தாலும் ஒரே அடி, ரிமுரு வந்தாலும் ஒரே அடி. ஜெயிக்கப்போறான்னு முன்னாடியே தெரியுது. அப்புறம் இன்னாத்துக்குப் பாக்கணும்? இதுல தத்துவம் கித்துவம்னு நீ வேற சொல்ற."

அனிமே என்றால் ஜப்பானியக் கார்ட்டூன் தொடர். ஓபி என்றால் பலம் அளவுக்கு மீறிப்போன ஹீரோ. எதிரே யார் நின்றாலும் அவனுக்குச் சமமில்லை. தம்பியின் கேள்வி நியாயமானது. அன்றைக்கு எங்கள் முறை வந்துவிட்டதால் பாதிப் பதிலோடு எழுந்துவிட்டேன். இது மீதி, தம்பி, உனக்கு.

முதலில் ஒன்று. ஜெயிப்பான் என்று தெரிந்தே பார்ப்பது நமக்கென்ன புதுசா? அகஸ்தியா தியேட்டரிலும் மகாராணி தியேட்டரிலும் முதல் நாள் முதல் காட்சிக்குக் கூட்டத்தில் இடிபட்டு உள்ளே போனவர்களில் எவராவது, 'தலைவர் தோத்துடுவாரோ' என்று பயந்ததுண்டா? இல்லை. அமைதியாக ஆட்டோ ஓட்டிக்கொண்டிருக்கும் மனுஷன் எப்போது நிமிர்வார், எதற்காக நிமிர்வார், அதுவரை ஏன் குனிந்திருந்தார் என்பதற்குத்தான் காத்திருந்தோம். முடிவு தெரிந்திருப்பது கதைக்குக் கேடில்லை. பாட்டி சொன்ன எந்தக் கதைக்குத்தான் நமக்கு முடிவு தெரியாது?

பாட்டி கதை என்றதும் இன்னொன்று. நம் புராணங்களிலும் ஓபி ஆட்கள் நிறைய உண்டு. இரணியன் மனிதனாலும் மிருகத்தாலும் சாகக்கூடாது, பகலிலும் இரவிலும் கூடாது, வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் கூடாது என்று வரம் வாங்கினான். அந்தி நேரத்து வாசற்படியை மறந்துவிட்டான். இராவணன் தேவர், அசுரர் எல்லாரையும் பட்டியலில் சேர்த்தான். மனிதனை ஒரு பொருட்டாக நினைக்காமல் விட்டான். பஸ்மாசுரனுக்குத் தன் தலையே ஓட்டை. வரம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு கவனமாக அதில் ஒரு ஓட்டை விட்டிருப்பார்கள். கதை நடப்பதே அந்த ஓட்டைக்குள்தான்.

நம் கதைகளில் வரம் வாங்குகிறவன் பெரும்பாலும் வில்லன், ஓட்டை அவன் உயிரை வாங்கும். இந்த அனிமேக்களில் வரம் வாங்குகிறவன் ஹீரோ. ஓட்டையை அவன் உடம்பில் வைத்தால் கதை முடிந்துவிடும். அதனால் எழுதுகிறவர் அதை வேறெங்கோ வைக்கிறார். எங்கே வைத்திருக்கிறார் என்று கண்டுபிடி, பலத்தைப் பற்றி அந்த ஆள் என்ன நினைக்கிறார் என்பது தெரிந்துவிடும். நான் பார்க்கும் முறை இதுதான். யார் பெரிய பலசாலி என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை.

சைதாமாவிலிருந்து தொடங்குகிறேன். ஒன் பஞ்ச் மேன் 2009-ல் ஒன் என்ற புனைபெயர்க்காரர் இணையத்தில் சுமாரான படங்களோடு வரைய ஆரம்பித்தது. 2012-ல் யூசுகே முராதா அதை மறுபடி அழகாக வரைந்தார், 2015-ல் அனிமே வந்தது. வேலை தேடி அலைந்த ஒருவன், தினமும் 100 புஷ்-அப், 100 சிட்-அப், 100 ஸ்குவாட், 10 கிலோமீட்டர் ஓட்டம் என்று மூன்று வருடம் பயிற்சி செய்து, தலைமுடி எல்லாம் கொட்டிப்போய், எதையும் ஒரே குத்தில் வீழ்த்தும் பலத்தை அடைகிறான். அவன் வரத்தில் ஓட்டை எங்கே? அவனுக்குப் போரடிக்கிறது. அவ்வளவுதான்.

கேட்டால் சின்ன விஷயம். எங்கள் மன்றத்தில் முன்பு ஒரு அண்ணன் ஆடுவார். பிரேக் அவர் கைக்குப் போனால் ஒன்பது காயினும் ரெட்டும் ஒரே மூச்சில் உள்ளே போகும். எதிரே உட்கார்ந்தவன் விரலில் பவுடர்கூட ஒட்டியிருக்காது. ஒயிட் ஸ்லாம் என்பதை நாங்கள் வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் பெரிது; அவரிடம் வாரத்துக்கு ஒன்று பார்த்தோம். முதலில் கூட்டமாக நின்று பார்த்தோம். மூன்று மாதத்தில் அவரோடு டீக்குப் பந்தயம் கட்ட ஆள் இல்லை. இடது கையால் ஆடினார், அதிலும் ஜெயித்தார். எதிராளிக்கு ரெட்டை முன்கூட்டியே விட்டுக்கொடுத்து ஆடினார், அதிலும் ஜெயித்தார். கடைசியில் சின்னப் பசங்களுக்குப் பாயின்ட் எழுதும் ஆளாக ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஒருநாள் வெளியிலிருந்து வந்த ஒருவர் அவரைக் கடைசி போர்டு வரை இழுத்தடித்தார். ஜெயித்தாரா தோற்றாரா என்று எனக்கு ஞாபகமில்லை. வீட்டுக்குப் போகும்போது அவர் விசிலடித்துக்கொண்டே போனது ஞாபகமிருக்கிறது.

ஒன் பஞ்ச் மேன் முதல் எபிசோடில் ஒரு கனவு வரும். பூமிக்கு அடியிலிருந்து கிளம்பிய கூட்டம் சைதாமாவை ரத்தம் வரப் புரட்டி எடுக்கிறது. அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். விழித்தெழுகிறான். நிஜமாகவே அந்தக் கூட்டம் வந்து நிற்கிறது. ஆசை ஆசையாகப் போய் ஒரு குத்து விடுகிறான், தலைவன் காலி. மற்றவர்கள் வெள்ளைக்கொடி காட்டி மன்னிப்புக் கேட்டு மண்ணுக்குள்ளேயே திரும்பிப் போகிறார்கள். அந்த விசில் அவனுக்குக் கனவில்தான் கிடைக்கிறது. பின்னால் போரோஸ் என்ற விண்வெளிக்காரன், உனக்குச் சமமானவன் தூரத்துக் கிரகம் ஒன்றில் இருக்கிறான் என்ற ஆரூடத்தை நம்பி 20 வருடம் பயணம் செய்து வருகிறான். சாகும்போது, நல்ல சண்டை என்று சைதாமா சொல்ல, நீ பொய் சொல்கிறாய், நான் உனக்கு ஈடே இல்லை என்கிறான். தோற்றவனுக்குத் தேடிவந்தது கிடைத்துவிட்டது. ஜெயித்தவனுக்கு அன்றும் கிடைக்கவில்லை.

இன்னொரு காட்சியும் உண்டு. கடல் ராஜா என்ற பூதத்தை ஒரே குத்தில் முடித்த பிறகு, கூட்டத்தில் ஒருவன், ஒரே அடியில் விழுந்த பூதத்திடம் இத்தனை ஹீரோக்கள் உதை வாங்கினார்களே என்று ஏளனமாகப் பேசுகிறான். சைதாமா உடனே, மற்றவர்கள் அடித்து அரைச்சாவாக்கி வைத்திருந்தார்கள், நான் கடைசியில் வந்து பேர் தட்டிக்கொண்டேன் என்று பொய் சொல்கிறான். தன் பெயரைக் கெடுத்து, சைக்கிளில் வந்து உதைபட்ட சாதாரண ஹீரோவின் மானத்தைக் காப்பாற்றுகிறான். பலம் அவனுக்கு எதுவும் தரவில்லை, ஆனால் பெருமை வேண்டாம் என்று தள்ளிவிடும் சுதந்திரம் மட்டும் கிடைத்திருக்கிறது. அந்தப் பொய்தான் அந்த முழு சீசனிலும் அவன் அடித்த பெரிய அடி என்பது என் கட்சி.

(அதே சைதாமா இரண்டாம் எபிசோடில் வீட்டுக்குள் ஒரு கொசுவை அடிக்க முடியாமல் திண்டாடுவான். பக்கிங்ஹாம் கால்வாய் ஓரம் வளர்ந்தவனுக்கு இதைவிட நம்பத்தகுந்த காட்சி அனிமே உலகத்திலேயே இல்லை.)

சைதாமா பயிற்சியைச் சொன்னதும் உனக்கு சோலோ லெவலிங் ஞாபகம் வந்திருக்கும். 2024-ல் அனிமேயாக வந்த கொரியக் கதை. அதில் சங் ஜின்வூவுக்கும் தினசரி வேலை அதேதான்: 100, 100, 100, 10 கிலோமீட்டர். சைதாமாவில் அது கிண்டல். இவ்வளவுதானா ரகசியம் என்று சிஷ்யன் ஜெனோஸ் கோபப்படுவான். ஜின்வூவுக்கோ அது கட்டளை. செய்யாவிட்டால் ராட்சதப் பூரான்கள் திரியும் பாலைவனத்தில் தூக்கிப் போடப்படுவான். ஆரம்பத்தில் இந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்தது. பூத வேட்டைக்காரர்களில் கடைசி ரேங்கில் இருப்பவன், அம்மா ஆஸ்பத்திரியில், படிக்கும் தங்கை, உயிர் போகும் வேலைக்குக் கூலியாகப் போகிறான். எங்கள் ஏரியாவில் இதைப் புரியவைக்க யாருக்கும் உரை தேவையில்லை. பிரச்சினை அப்புறம் வருகிறது. அவன் ஏற ஏற, சுற்றியிருப்பவர்கள் எல்லாம் வாயைப் பிளந்து வியக்கும் கூட்டமாகச் சுருங்கிவிடுகிறார்கள். கொன்றவர்களின் நிழலை 'எழு' என்று கூப்பிட்டுப் படை சேர்க்கிறான், அந்தப் படை அவனை மறுத்துப் பேச முடியாது. வரத்தில் ஓட்டையே இல்லை. சண்டைக் காட்சிகள் பிரமாதம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீ சொன்ன 'ஒரே கதை' புகார் இதற்குப் பொருந்தும்.

சரி, இப்போது ரெண்டு சதோருக்கள். இங்கே கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

ஓவர்லார்ட் கதையின் ஐன்ஸும், சேற்றில் விழுந்த ஜெல்லி மாதிரி இருக்கும் ரிமுருவும் முன்ஜென்மத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஜப்பானியர்கள். ஒருவர் சுசுகி சதோரு, மற்றவர் மிகாமி சதோரு. பெயரே ஒன்று. இருவருமே வேறு உலகத்தில் மனிதரல்லாத உடம்போடு விழிக்கிறார்கள், இருவருமே ராஜ்ஜியம் கட்டுகிறார்கள், இருவருமே ஒரு கட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்களை ஒரேயடியாகக் கொல்கிறார்கள். ஒரே மாவு என்று நீ சொல்ல இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது. நான் இல்லை என்று சொல்லவும் இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது.

ஐன்ஸ் கதை 2138-ல் தொடங்குகிறது. 12 வருடம் ஓடிய ஓர் இணைய விளையாட்டை அன்று இரவோடு மூடப்போகிறார்கள். ஒருகாலத்தில் 41 பேர் இருந்த குழுவில் அன்றைக்கு எட்டிப்பார்த்த ஒரு நண்பனும், வேலைக் களைப்பு, தூக்கம் வருகிறது என்று கிளம்பிவிடுகிறான். தனியாக உட்கார்ந்திருக்கும் சதோரு, விளையாட்டு அணையாமல், தன் எலும்புக்கூட்டு உடம்போடும் கோட்டையோடும் வேறு உலகத்தில் இருப்பதைப் பார்க்கிறான். கோட்டைக் காவலர்கள் உயிர்பெற்று எழுந்து அவனைக் கடவுளாகக் கும்பிடுகிறார்கள்.

அந்த உலகத்தில் அவனை அடிக்க ஆளில்லை. ஆனாலும் பயப்படுகிறான்! என்னைப்போல் விளையாட்டிலிருந்து வந்த வேறொருவன் எங்காவது இருந்தால்? வினைவலி, தன்வலி, மாற்றான் வலி, துணைவலி என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அதை வரி பிசகாமல் செய்கிற ஓபி ஹீரோ இவன் ஒருத்தன்தான். ஒரு கிராமத்தைக் காப்பாற்றப் போகும்போதுகூட முதல் மந்திரம் வேலை செய்யாவிட்டால் எப்படி ஓடுவது என்று யோசித்துவிட்டுத்தான் போகிறான். மூளை வசியப்பட்ட கோட்டைக் காவலாளி ஷால்டியரோடு தனியாக மோதும்போது, நேருக்கு நேர் என்றால் அவளுக்குத்தான் சாதகம். அவளை உருவாக்கிய நண்பன் அவளைப் பற்றிச் சொன்னது எல்லாம் ஞாபகம் இருந்ததாலும், விட்டுப்போன நண்பர்களின் ஆயுதங்கள் கையில் இருந்ததாலும் ஜெயிக்கிறான். துணைவலி இருக்கிறது, துணை இல்லை. இவன் வரத்தின் ஓட்டை அங்கே இருக்கிறது.

மூன்றாம் சீசனில் அந்த ஓட்டையைக் கிட்டத்தில் பார்க்கலாம். பணத்துக்காகக் கோட்டைக்குள் நுழைந்த நான்கு பேர் ஐன்ஸிடம் மாட்டுகிறார்கள். உண்மையில் அவர்களை வரவழைத்ததே ஐன்ஸ் தரப்பின் திட்டம். பிழைத்தால் போதும் என்று அவர்களில் தலைவன், எங்களுக்கு உள்ளே வர அனுமதி கொடுத்தவர் ஒருவர் உண்டு என்று புளுகுகிறான். ஐன்ஸ் அப்படியே உறைந்து நிற்கிறான். என் நண்பர்களில் யாரோ? ஒரு நிமிடம், அந்த எலும்புக்கூட்டுக்குள் பழைய சதோரு எழுந்து உட்காருகிறான். பொய் என்று தெரிந்ததும் வரும் கோபம், அந்தக் கதை முழுக்கத் தேடினாலும் அப்படி ஒரு கோபம் கிடையாது. அந்த நாலு பேரில் ஒரு சின்னப் பெண், பெற்றோர் வாங்கிக் குவித்த கடனை அடைக்கவும் ரெண்டு தங்கச்சிகளைக் காப்பாற்றவும் வந்தவள். அவளும் தப்பவில்லை. பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அப்புறம் ரெண்டு வாரம் ஓவர்லார்ட் பக்கமே போகவில்லை.

ஐன்ஸின் உடம்புக்கு ஒரு குணம் உண்டு: உணர்ச்சி அளவு மீறினால் தானாக அணைந்துவிடும், பச்சையாக ஒரு ஒளி வந்து போகும். பயம் எகிறினாலும் அணைகிறது, சந்தோஷம் எகிறினாலும் அணைகிறது. கட்ஸே சமவெளியில் ஒரே மந்திரத்தில் சுமார் 70,000 படைவீரர்கள் விழுகிறார்கள். அந்தப் பலிக்கு ஈடாக ஆட்டுக் குரல் கொடுக்கும் கறுப்புப் பூதங்கள் ஐந்து எழும்புகின்றன. ஐன்ஸ் அப்போது என்ன நினைக்கிறான் தெரியுமா? ஐந்து வந்திருக்கிறதே, இது ரெக்கார்டாக இருக்குமே! பழைய விளையாட்டுக்காரனின் சந்தோஷம். அந்த 70,000 அவனுக்கு ஆட்களே இல்லை, ஸ்கோர்.

கெட்டவன் என்று ஒரே வார்த்தையில் முடிக்கலாம். ஆனால் மாருயாமா குகானே, இவர்தான் 2012-லிருந்து நாவலாக இதை எழுதுபவர், முடிக்கவிடமாட்டார். ஏனென்றால் அதே ஆள் ராத்திரியில் கண்ணாடி முன்னால் நின்று ராஜா மாதிரி கை நீட்டிப் பழகுகிறான். டெமியுர்ஜ் என்ற அறிவாளி அமைச்சன், ஐன்ஸ் உளறுவதில் எல்லாம் ஆயிரம் வருடத் திட்டம் இருப்பதாகக் கண்டுபிடித்துப் பூரிக்கும்போது, ஐன்ஸ் உள்ளுக்குள் வியர்த்தபடி, "ஓ, நீ புரிந்துகொண்டாயா" என்று சமாளிக்கிறான். நான் கன்டெய்னர் யார்டில் கொஞ்ச நாள் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தவன். லாரி வரிசை எண்ணூர் ரோட்டில் கிலோமீட்டர் கணக்கில் நிற்கும், நாலு பேர் என் முகத்தையே பார்ப்பார்கள், எனக்கும் ஒன்றும் தெரியாது. "பாத்துக்கலாம், நான் யோசிச்சு வெச்சிருக்கேன்" என்பேன். ஐன்ஸின் அந்தத் தலையசைப்பு எனக்கு அத்துப்படி. மேலே உட்கார்ந்தவனைச் சுற்றியிருப்பவர்களின் நம்பிக்கையே அவனை அந்த நாற்காலியில் கட்டிப்போடுகிறது. இறங்கிவந்து 'எனக்குத் தெரியாதுப்பா' என்று சொல்ல முடியாமல்தான் அவன் மேலும் மேலும் அரக்கனாகிறான்.

இப்போது மற்ற சதோரு. ஃபுஸே என்பவர் 2013-ல் இணையத்தில் எழுத ஆரம்பித்த 'தட் டைம் ஐ காட் ரீஇன்கார்னேட்டட் அஸ் எ ஸ்லைம்' என்ற கதை, 2018-ல் அனிமே ஆனது. இந்த சதோருக்கு 37 வயது, கட்டுமான நிறுவனத்தில் வேலை. கூட வேலை செய்யும் பையனைக் காப்பாற்றப் போய் கத்திக்குத்து வாங்கிச் சாகிறான், ஸ்லைம் என்ற ஜெல்லிப் பிராணியாகப் பிறக்கிறான். எதையும் விழுங்கி அதன் சக்தியை எடுத்துக்கொள்ளும் வரம்.

வரம் விழுங்குவது, அவன் செய்வது எல்லாம் கொடுப்பது. பூதங்களுக்குப் பெயர் வைத்தால் அவை பலம் பெறும், ஆனால் பெயர் வைப்பவனின் சக்தி குறையும். கோப்ளின் என்ற குட்டிப் பூதங்களின் கிராமம் முழுக்கப் பெயர் வைத்துவிட்டுச் சக்தி தீர்ந்து படுத்தே போகிறான். பின்னால் பஞ்சத்தில் பசி தாளாமல் காட்டையே தின்றுகொண்டு வரும் ஓர்க் என்ற பன்றிமுகப் பூதங்களின் படையைத் தோற்கடித்தபோது, பிழைத்தது ஒன்றரை லட்சம் பேர். பாவத்தை எல்லாம் நான் தின்றுவிட்டேன் போங்கள் என்று மன்னித்து, ஒன்றரை லட்சம் பேருக்கும் உட்கார்ந்து பெயர் வைக்கிறான். அதே ஓர்க்குகள்தான் பிறகு ரோடு போடுகிறார்கள், ஊர் கட்டுகிறார்கள். குளியலறை, கழிப்பறை, ஊரை ஊரோடு இணைக்கும் சாலை. ஒரு மணி நேர மழைக்கு முழங்கால் தண்ணீரில் வண்டி தள்ளும் எங்கள் ஊர்க்காரன் சிவில் வேலை பார்க்கும் ஹீரோவை எப்படி வெறுப்பான்? பலம் என்றால் ரிமுருவுக்கு ஊருக்குச் செய்யும் வசதி. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிவதில்லை.

அவன் வைத்த சட்டங்கள் மூன்று: மனிதர்களைத் தாக்கக்கூடாது, நமக்குள் சண்டை கூடாது, மற்ற இனத்தை இளக்காரமாகப் பார்க்கக்கூடாது. நல்ல சட்டங்கள்தான். ஃபல்முத் நாட்டு மனிதர்கள் வந்து ஊருக்குள் வெட்ட ஆரம்பித்தபோது, முதல் சட்டத்தை மதித்துக் கையைக் கட்டிக்கொண்ட மக்கள் செத்து விழுகிறார்கள். ரிமுருவின் கூடவே இருக்கும் ஷியோனும் செத்துவிடுகிறாள். ரிமுரு ஊர் திரும்பி வரிசையாகக் கிடத்தியிருக்கும் பிணங்களுக்கு நடுவில் நிற்கும் காட்சி இரண்டாம் சீசனின் உச்சம். தன் பலம் போதாததால் இது நடக்கவில்லை. தன் நல்ல மனசால் நடந்தது. எனக்குத் தெரிந்து ஓபி கதைகளில் இவ்வளவு கூர்மையான ஓட்டை வேறெவருக்கும் போடப்படவில்லை.

அடுத்து அவன் 20,000 பேர் கொண்ட படையை வானத்தில் நீர்த்துளிகளை நிறுத்தி, சூரிய ஒளியைக் குவித்து, விரல்விட்டு எண்ணும் சிலரைத் தவிர எல்லாரையும் அழிக்கிறான். பசியில் வந்த ஒன்றரை லட்சத்தை மன்னித்தவன் பேராசையில் வந்த இருபதாயிரத்தை மன்னிக்கவில்லை. ஐன்ஸ் மாதிரி ஸ்கோர் பார்க்கவில்லை. யாருக்காகச் செய்கிறேன் என்று தெரிந்து செய்கிறான். வித்தியாசம் இருக்கிறது. ஆனால் செத்துக் கிடக்கும் படைவீரனுக்கு அந்த வித்தியாசம் ஏதாவது ஆகுமா என்று எனக்கு உறுத்திக்கொண்டேதான் இருக்கிறது.

என் புகார் அதற்குப் பிறகு. அந்த ஆன்மாக்களை வைத்து ரிமுரு அசுர ராஜாவாகிறான், செத்தவர்கள் எழுந்துவிடுகிறார்கள். ஷியோன் மறுபடி சமைக்கிறாள், எல்லாரும் சிரிக்கிறார்கள். ஆசிரியர் அவ்வளவு அருமையாகப் போட்ட ஓட்டையைத் தானே சிமென்ட் வைத்துப் பூசிவிட்டார். ரிமுரு எனக்குப் பிடித்தவன், அவன் ஊரில் வாடகைக்கு வீடு கிடைத்தால் நாளைக்கே போவேன். ஆனால் கதையாகப் பார்த்தால் ஐன்ஸ் பக்கம்தான் கனம் அதிகம். அங்கே போனவர்கள் திரும்பி வருவதில்லை.

போனவர் திரும்பாததைப் பற்றியே ஒரு கதை இருக்கிறது: ஃப்ரீரன். யமதா கனெஹிதோ எழுதி ஆபே சுகாஸா வரைந்த மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, 2020-ல் தொடங்கியது, 2023-ல் அனிமே. ஃப்ரீரன் ஆயிரம் வருடத்துக்கு மேல் வாழ்ந்த எல்ஃப் மந்திரக்காரி. அசுரர்களுக்கு மந்திர சக்தியின் அளவுதான் அந்தஸ்து. யாரிடம் அதிகமோ அவர்தான் மேல், அதை மறைப்பது கேவலம். ஃப்ரீரன் வாழ்நாள் முழுக்க அதைத்தான் செய்கிறாள். தன் சக்தியில் பத்தில் ஒரு பங்குகூட வெளியே தெரியாமல் அடக்கி வைத்திருக்கிறாள். 500 வருடம் வாழ்ந்த ஆவுரா என்ற அசுரப் பெண், யார் சக்தி அதிகம் என்று எடைபோட்டு, குறைந்தவரை அடிமையாக்கும் தராசை எடுத்துவைக்கிறாள். தராசு தன் பக்கமே சாய்கிறது என்று அலட்சியமாக நிற்கிறாள். ஃப்ரீரன் மறைத்ததை விட்டதும் தட்டு மெல்ல மறுபக்கம் இறங்குகிறது. ஆட்டோக்காரர் நிமிரும் காட்சி. ஆனால் பின்னணி இசை அதிர, பத்து பேர் பறக்க, அதெல்லாம் இல்லை. ஒரு வாக்கியம், ஒரு கட்டளை, முடிந்தது.

அப்படிப்பட்டவள் ஊர் ஊராகத் திரிந்து சேர்ப்பது என்ன மந்திரம்? வெண்கலச் சிலையின் களிம்பு எடுப்பது, ஐஸ் சீவுவது, பூத்தோட்டம் வரவழைப்பது. கூட வந்த ஹிம்மல் இறந்து அடக்கம் செய்யும்போதுதான், பத்து வருடம் சேர்ந்து திரிந்த ஆளைப் பற்றித் தெரிந்துகொள்ள முயற்சியே செய்யவில்லையே என்று அழுகிறாள். ஆயுள் என்ற வரத்தின் ஓட்டை அது: நேரம் நிறைய இருப்பவருக்கு அவசரமே வராது. ஃப்ரீரன் பற்றி இதற்கு மேல் சொன்னால் கெட்டுவிடும், நீயே பார்.

எனக்கு எல்லாவற்றிலும் மேலே நிற்பது மாப் சைக்கோ 100. இதுவும் சைதாமாவை உருவாக்கிய அதே ஒன் எழுதியது, 2016-ல் அனிமே. வாளும் மந்திரமும் உள்ள உலகமில்லை, இன்றைய ஜப்பான்தான், ஆனாலும் இந்தப் பேச்சில் இதை விடமுடியாது. எட்டாவது படிக்கும் மாப் என்ற பையன் நினைத்தால் ஒரு ஊரையே பெயர்த்துவிடுவான். அவனுக்கு குரு ரெய்கென், துளி சக்திகூட இல்லாத டுபாக்கூர் ஆவி ஓட்டுகிறவர். மணிக்கு 300 யென் கூலி கொடுத்து இந்தப் பையனை வேலை வாங்குகிறார். நம்மூர் கணக்கில் பிக்பாக்கெட்.

ஆனால் அந்த டுபாக்கூர்தான் அவனுக்குச் சரியான ரெண்டு வார்த்தை சொல்லியிருக்கிறார். சக்தி என்பது ஒருவன் நன்றாக ஓடுகிறான், ஒருவன் நன்றாகப் படிக்கிறான் என்பது மாதிரி ஒரு குணம், அதனால் நீ மற்றவர்களைவிட உசத்தி இல்லை. அப்புறம், அது கத்தி மாதிரி, மனிதர்கள் மேல் காட்டாதே. மாப் காதலிக்கும் சுபோமிக்கு அவன் சக்தி மேல் ஆர்வமே இல்லை. அதனால் அவன் உடற்பயிற்சிக் கழகத்தில் சேர்ந்து, நாலடி ஓடி மயங்கி விழுகிறான். கட்டுமஸ்தான அண்ணன்மார்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், ஒருத்தரும் கிண்டல் செய்வதில்லை. பலத்தால் முடியாத இடம் எது என்று மாப்புக்கு முதல் எபிசோடிலிருந்தே தெரியும். மற்றவர்களுக்கு யாராவது ஓட்டையைக் காட்ட வேண்டியிருக்கிறது. இவன் தானே போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, புஷ்-அப் எடுக்கிறான். சைதாமாவுக்கு அந்தப் புஷ்-அப் ஆரம்பம், ஜின்வூவுக்குத் தண்டனை பயம். மாப் ஒருத்தன்தான், மலையைப் பெயர்க்கும் சக்தி கையில் இருக்கும்போதே, ஒரு புஷ்-அப் உருப்படியாக வரவேண்டும் என்று எடுக்கிறான்.

எதில் தொடங்குவது என்று கேட்டாயே. மாப் மூன்று சீசனும் சேர்த்து 37 எபிசோட்தான், அதில் தொடங்கு. அப்புறம் ஒன் பஞ்ச் மேன் முதல் சீசன் 12, ஃப்ரீரன் முதல் சீசன் 28. ஓவர்லார்ட் நாலு சீசன், 52 எபிசோட். நைட் ஷிப்டில் பார்க்காதே, விடிந்ததும் வேலை ஓடாது. ரிமுருவை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், வயிறு நிறைந்த மத்தியானத்தில் இன்னும் நன்றாக இருக்கும்.

அன்றைக்கு நான் எழுந்தபோது, ஐன்ஸும் ரிமுருவும் மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்று கேட்டாய். மோதமாட்டார்கள் தம்பி. ஐன்ஸ் மூன்று மாதம் ஆள் வைத்து வேவு பார்ப்பான். ரிமுருவுக்கு அது ரெண்டாம் நாளே தெரிந்து, வேவு பார்த்தவனுக்கு வேலை போட்டுக்கொடுத்து, ஐன்ஸை விருந்துக்குக் கூப்பிடுவான். ஸ்லைமாக இருந்தபோது ருசியே தெரியாமல் இருந்து, மனித உருவம் வந்த பிறகு ஆசையாகச் சாப்பிடப் பழகியவன் அவன். வந்தவனைச் சாப்பிடாமல் அனுப்பமாட்டான். எதிரே உட்கார்ந்திருக்கும் எலும்புக்கூட்டுக்கு நாக்கும் இல்லை, வயிறும் இல்லை. ஐன்ஸ் தட்டைப் பார்த்துக்கொண்டே, எல்லாம் ஏற்கெனவே திட்டமிட்டபடிதான் நடக்கிறது என்பது மாதிரி மெல்லத் தலையசைப்பான்.